நான்காம் தளத்துப் பூதம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இன்னொரு தடவை 'மேடம்' என்று எழுதினால் ஒரு வரிகூட மொழிபெயர்த்துத் தர மாட்டேன் என்று போன தாள் கட்டோடு சீட்டு வைத்து மிரட்டியிருந்தீர்களே, அதனால் அக்கா. நலமாக இருக்கிறீர்களா? நானும் நலம் என்று எழுத ஆசைதான். ஆனால் உங்கள் நான்காம் தளம் வந்ததிலிருந்து சரியாகத் தூங்கவில்லை.

நீங்கள் தாளில் மட்டுமே பார்த்த கதை அல்லவா இது. இங்கே அது கைக்குள் அடங்கும் ஒரு சின்னப் பெட்டி. அதில் ஒருத்தி தன் அடுக்குமாடி லிஃப்டில் ஏறி, பட்டனே இல்லாத தளங்களுக்கு இறங்கிப் போகிறாள். ஏழு தளமும் பூதங்களின் உலகம். எதிரே ஒன்று வந்து நின்றால் அவள் சண்டை போடலாம், பையில் இருப்பதைக் கொடுத்துக் கூட்டாளி ஆக்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் ஓடலாம். எல்லாருக்கும் முன்னால் விளையாடிப் பார்த்து எங்கே தப்பு என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. ஆபீஸில் என் பேரே பயந்தாங்கொள்ளி. அதனாலேயே இந்தக் கேமை என் தலையில் கட்டிவிட்டார்கள். "நீ அலறினா அந்த இடம் ஓகேன்னு அர்த்தம்" என்கிறார் மேனேஜர். என் பிழைப்பு எப்படி இருக்கிறது பாருங்கள்!

மூன்றாம் தளம்வரை ஒழுங்காக அலறிக்கொண்டுதான் இருந்தேன். நான்காம் தளத்தில், வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்குமே ஒரு பூதம், அதைப் பார்த்து அலறவில்லை. பெட்டியைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். மூலத்தில் அதற்கு ஒரே வரிதான்: "நில், மனிதா, இது என் வாசல்!" நீங்கள் எழுதியிருப்பதோ இப்படி:

"எங்க கிளம்பிட்ட? சாப்டியா? யாரைப் பாக்கப் போற? சும்மா தெரிஞ்சிக்கலாம்னுதான் கேக்கறேன். போ, நான் ஒண்ணும் தடுக்கல. எனக்கு உன்னை விட்டா யாரு இருக்கா? நீ வர்ற வரைக்கும் இங்கயேதான் உக்காந்திருப்பேன்."

அது கத்தவே இல்லையே அக்கா! எங்கிருந்து பிடித்தீர்கள் இதை? ஆபீஸே கூடி நின்று படித்தது. இந்த வரியில் யாரும் கை வைக்கக் கூடாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வெளியே கசிந்துவிடும் என்று பயந்து இங்கே எல்லாமே தாளும் கூரியரும்தான், உங்கள் குரலைக்கூட நான் கேட்டதில்லை. ஆனால் உங்கள் எழுத்து திரையில் எப்படி இருக்கிறது என்று நீங்கள் பார்க்காமல் இருப்பது அநியாயம். கெஞ்சிக் கூத்தாடி ஒரு பெட்டியை வாங்கி இந்தக் கட்டோடு அனுப்பியிருக்கிறேன். ஆசை தீர விளையாடுங்கள்.

இப்படிக்கு,
பயந்தாங்கொள்ளி

மார்ச் 11

அன்புள்ள பயந்தாங்கொள்ளிக்கு,

பெட்டி வந்தது. நான் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. என் மகன் பிரித்தான், அவனே எடுத்துக்கொண்டான். உன் கடிதம் பிழைத் தாள்களுக்கு நடுவில் இருந்ததால் தப்பித்தது. இனிமேல் பார்சலுக்குள் கடிதம் வைக்காதே கண்ணு. இந்தக் கூரியர் ஆபீஸ் முகவரிக்கே என் பேருக்குத் தனியாகப் போடு. கவுன்டரில் இருக்கும் பெண் எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள். இதையும் அவள் மேஜையில் நின்றபடிதான் எழுதுகிறேன்.

எங்கிருந்து பிடித்தீர்கள் என்று கேட்டாய். நான் எங்கும் போய்ப் பிடிக்கவில்லை. அது தினமும் என் வீட்டுக் கூடத்தில் கேட்கிற பேச்சு.

அவனுக்கு முப்பத்தோரு வயது. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் வேலை போய் வீட்டுக்கு வந்தான். எனக்கோ புருஷன் போன வீடு, பேச்சுத் துணைக்கு ஆள் வந்ததே என்று சந்தோஷம். முதலில் என் போனை வாங்கி வைத்துக்கொண்டான். "கண்டவனும் பேசி ஏமாத்துவான், உனக்கு எதுக்கும்மா அது?" அப்புறம் வாசல் சாவி. அப்புறம் உள்ளறைக் கதவுகளின் தாழ்ப்பாள்களைக் கழற்றினான், நான் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும், எல்லாம் என் நல்லதுக்காக இருக்கும். கடைக்கும் கூரியருக்கும் மட்டும் சாவி கிடைக்கும். திரும்பி வரும்போது கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான்.

அடிக்க மாட்டான். ஒரே ஒரு தடவை, நான் பதில் சொல்லாமல் உள்ளே போனபோது கையைப் பிடித்தான். கொஞ்ச நாள் அந்தக் கையால் பேனா பிடிக்க முடியவில்லை. பிறகு அவனே தைலம் தேய்த்துவிட்டு, என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான்.

அந்த வாரம்தான் நான்காம் தளம் என் கைக்கு வந்தது. கை பாட்டுக்கு எழுதிக்கொண்டு போய்விட்டது. அழித்துவிடத்தான் நினைத்தேன். என் வேலையை அவன் என்றைக்குத் திரும்பிப் பார்த்தான், எங்கோ யாரோ விளையாடப்போகிற கேம்தானே என்று விட்டுவிட்டேன். இப்போது அது அவன் கையில் இருக்கிறது. முதல் தளத்தில் இருக்கிறான். ஒரு வரி விடாமல் படிக்கிறான். நான்காவதற்கு இறங்கினால் தன் பேச்சைப் பூதத்தின் வாயில் படிப்பான். படித்துவிட்டு என்ன செய்வான் என்று எனக்குத் தெரியவில்லை.

நேரமாகிவிட்டது, போகிறேன். நீ நேரத்துக்குத் தூங்கு.

அக்கா

மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். பெரிய சமத்து மாதிரி பெட்டியை அனுப்பி வைத்தேனே, என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

அழுதுகொண்டு இருந்தால் வேலைக்கு ஆகாது என்று ஒரு காரியம் செய்திருக்கிறேன். புரோகிராமர் அண்ணனிடம் ஏதோ பிழை என்று பொய் சொல்லி, அந்தப் பூதத்துக்குப் பழையபடி "நில், மனிதா" என்றே போட்டு, ஒரு மெமரி கார்டு வாங்கிவிட்டேன். இந்தக் கடிதத்தோடு ஒட்டியிருக்கிறேன். பெட்டியின் முதுகில் ஒரு சின்ன மூடி இருக்கும், நகத்தால் நெம்பினால் திறக்கும். பழையதை எடுத்துவிட்டு இதைச் செருகுங்கள், அவ்வளவுதான். அவர் விளையாடிய வரைக்கும் அப்படியே இருக்கும், ஒன்றும் அழியாது. அவர் குளிக்கப் போகிற நேரம் போதும். மூன்றாம் தளம் முடிவதற்குள் செய்துவிடுங்கள்.

அப்புறம் நேரே கிளம்பி இங்கே வந்துவிடுங்கள். என்னுடையது வீடு என்று சொல்லிக்கொள்கிற அளவுக்கு இல்லை, படுத்தால் கால் அடுப்பில் இடிக்கும். இருந்தாலும் இரண்டு பேர் படுக்கலாம். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. "வர்றேன்" என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கிறேன்.

உங்கள்
பயந்தாங்கொள்ளி

மார்ச் 23

அன்புக் கண்ணுக்கு,

கார்டு வந்தது. நகத்தளவு இருக்கிறது. கைப்பைக்குள் மாத்திரைப் பட்டைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அவன் மூன்றாம் தளத்தில் பாதி தாண்டிவிட்டான்.

திட்டாமல் படி. நான் இன்னும் மாற்றவில்லை.

இந்த வாரம் எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது, தெரியுமா? அவன் அறைக்குள்ளிருந்து வரிகளை உரக்கப் படித்துச் சிரிக்கிறான். "அம்மா, இங்க வாயேன்! இந்தப் பூதம் நம்ம ஹவுஸ் ஓனர் மாதிரியே இழுத்து இழுத்துப் பேசுது!" என்று கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினான். நிஜமாகவே அந்த ஆளை நினைத்துக்கொண்டுதான் அதை எழுதினேன். டக்கென்று பிடித்துவிட்டான் பார். "இவ்ளோ நல்லா எழுதுவியாம்மா நீ? சொல்லவே இல்லயே" என்றான். நேற்று இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் சமையலறைக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டு வந்தேன்.

அவன் மூளை அப்படி. பள்ளிக்கூடத்தில் பாதிக் கணக்கு சொல்லும்போதே விடை சொல்லிவிடுவான். ஹவுஸ் ஓனரைக் கண்டுபிடித்தவனுக்குத் தன்னைத் தெரியாமலா போகும்? நானாகச் சொன்னால் அவன் காதில் ஏறாது, சொல்லிப் பார்த்தாயிற்று. ஒரு பூதத்தின் வாயிலிருந்து வந்தாலாவது, நாம் பேசுவது அம்மாவுக்கு இப்படியா இருக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசிக்க மாட்டானா? அந்த ஒரு நிமிஷம் எனக்குப் போதும். நான் எங்கும் போக வேண்டியிருக்காது.

பயமில்லை என்று நினைக்காதே. லிஃப்ட் இறங்குகிற 'டிங்' சத்தம் அவன் அறையில் கேட்டாலே கையில் இருப்பது நழுவுகிறது. சமையலறைக் கத்தியை எடுத்து மாவு டப்பாவுக்குள் புதைத்து வைத்தேன். எதற்கு என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

அக்கா

மார்ச் 27

அக்கா,

கத்தியை ஒளித்து வைத்த அதே கையால் எனக்கு நம்பிக்கை பற்றி எழுதுகிறீர்கள். அந்தக் கடைசி இரண்டு வரியை நீங்களே ஒரு தடவை நினைத்துப் பாருங்கள்.

அவர் சிரிக்கட்டும், நல்லா இருக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு நிமிஷம் வேறு மாதிரி போனால் உங்கள் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? கார்டை மாற்றிவிடுங்கள். காலில் விழுந்து கேட்கிறேன். உங்கள் பதில் வருகிறவரை எனக்குச் சோறு இறங்காது.

பயந்தாங்கொள்ளி

ஏப்ரல் 2

அன்புக் கண்ணுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். முதலில் அதைப் படித்து மூச்சு விட்டுக்கொள்.

உன் கடைசிக் கடிதம் கிடைப்பதற்கு முன்னாலேயே அவன் நான்காம் தளத்துக்கு இறங்கிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். துணி மடித்துக்கொண்டிருந்தேன். "வாம்மா, புது லெவல்" என்று கூப்பிட்டான். போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவன் அந்த வரிகளை வாய்விட்டுப் படித்தான். மற்றப் பூதங்களுக்கெல்லாம் குரலை மாற்றிப் படிப்பவன், இதற்குக் குரலை மாற்றவே இல்லை. சொந்தக் குரலில், தினமும் சொல்கிற அதே இழுவையோடு படித்தான். பிறகு நிறுத்தினான். இன்னொரு தடவை மனசுக்குள் படித்தான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாவம்மா இவன்" என்றான்.

"யாரு?"

"இந்தப் பூதம்தான். அப்படி என்ன தப்பா கேட்டுட்டான்? அக்கறையாத்தான கேக்கறான்? இவளுக்குத்தான் திமிரு. பதில் சொல்லாம மரம் மாதிரி நிக்கறா பாரு."

சண்டை போடவில்லை, ஓடவும் இல்லை. பையில் இருந்த எல்லாவற்றையும் அதற்குக் கொடுத்துக் கூட்டாளி ஆக்கிக்கொண்டான். "இனிமே இவன் நம்மகூடத்தாம்மா" என்று சொல்லி என் மடியில் தலையை வைத்துக்கொண்டு மேலே விளையாட ஆரம்பித்தான். நான் அவன் தலையைக் கோதிக்கொண்டே இருந்தேன்.

அவன் கோபப்படுவான் என்று பயந்திருந்தேன். பெட்டியை என் மேல் எறிவான், கையை முறுக்குவான் என்றெல்லாம் நினைத்து மனசைத் தயார்படுத்தி வைத்திருந்தேன். கோபம் வந்திருந்தால்கூடப் பரவாயில்லை, தன்னைத்தான் சொல்லியிருக்கிறது என்று தெரிந்துதானே கோபம் வரும். அவனுக்குத் தெரியவே இல்லை. இனிமேலும் தெரியப்போவதில்லை. என் மடியில் அவன் தலை கனக்கக் கனக்க எனக்கு ஒரு பயம் வந்தது பார், இந்த ஒன்றரை வருஷத்தில் அப்படி ஒரு பயம் நான் பட்டதில்லை. இங்கேயே, இப்படியே, தலையைக் கோதிக்கொண்டே செத்துப்போய்விடுவேன் என்று நினைத்தேன்.

மறுநாள் கூரியருக்கு என்று சொல்லிச் சாவி வாங்கினேன். "சீக்கிரம் வந்துரும்மா" என்றான். "சரிப்பா" என்றேன். மாற்றுப் புடவைகூட எடுக்கவில்லை. கவுன்டர் பெண்ணிடம் உன் கடிதத்தை வாங்கிக்கொண்டு, வந்த முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

உன் வீட்டுக்கு வராததற்குக் கோபித்துக்கொள்ளாதே. நீ அனுப்பிய பெட்டி வந்த பார்சல் அட்டையில் உன் ஆபீஸ் முகவரி கொட்டை எழுத்தில் இருக்கிறது. அவன் முதலில் வரப்போவது அங்கேதான். நான் எங்கே இருக்கிறேன் என்று எழுத மாட்டேன், தெரியாவிட்டால் உன்னால் சொல்லவும் முடியாதே. இதைக்கூட வெளியூர் போகிற ஒரு அம்மாவிடம் கொடுத்து, அங்கே தபாலில் போடச் சொல்கிறேன். மிச்சமிருக்கும் மூன்று தளத்தையும் வேறு யாரையாவது வைத்து முடித்துக்கொள்ளச் சொல். என் கடிதங்களைக் கிழித்துப் போட்டுவிடு. இனி எழுத மாட்டேன். முகம் பார்க்காத ஒரு பெண் எனக்காகச் சோறு இறங்காமல் இருந்தாள் என்பதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

இப்போது சொல்வதைக் கவனமாகக் கேள். அவன் வருவான். கத்த மாட்டான். பெட்டியைத் துடைத்து, பத்திரமாகக் கொண்டு வந்து உன் கையில் திருப்பிக் கொடுப்பான். "அம்மாவைக் காணோங்க, உடம்பு வேற சரியில்லாதவங்க" என்பான். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருக்கும், சாப்பிட்டே இரண்டு நாள் ஆனவன் மாதிரி இருப்பான். கண் கலங்கும். அது நடிப்பு இல்லை கண்ணு, நிஜமான கண்ணீர்தான். உனக்கு என்னைத் தாளில் மட்டும்தான் தெரியும், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாதே.

பாவமாக இருக்கும் உனக்கு. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அக்கா