நீங்கள் மூச்சு வாங்கிய இடங்கள்

அக்கா,

கொழும்பு அச்சகத்திலிருந்து புத்தகக் கட்டு நேற்று வந்தது. பதுளை வேதக் கோயில் அலுவலக மேசையில் வைத்துக் கட்டை அவிழ்த்தபோது மை வாசம்தான் முதலில் வந்திருக்க வேண்டும். எனக்குத் தைல வாசம் வந்தது. பாட்டுகளைப் பதிந்து நான் அனுப்பிய பிளாப்பி டிஸ்க்கையும் கட்டோடு திருப்பி அனுப்பியிருந்தார்கள். நெஞ்சில் பூசும் தைலம் வைத்திருந்த தகரப் பெட்டிக்குள் போட்டுத்தானே அதைக் கொண்டு திரிந்தீர்கள். ஒரு மழைக்காலம் முழுவதும் போயும் அந்த வாசம் போகவில்லை. பாடகர் குழுவை நடத்தும் சேர் என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும் தாய்மாரின் பிள்ளைகளை நீங்கள் பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொண்டீர்கள். தொட்டிலை ஆட்டிக்கொண்டே மெட்டுக் கட்டினீர்கள். நத்தார் காலத்தில் நம் தோட்டத்துப் பாடகர் குழு, மலைச்சரிவில் வரிசை வரிசையாக இருக்கும் லயன் வீடுகளுக்கு லயத்துக்கு லயம் படி ஏறிப் பாடியதெல்லாம் உங்கள் பாட்டுகள்தான். உங்களுக்கு இசைக்குறிப்பு எழுதத் தெரியாது. எனக்கு அது பள்ளிக்கூடத்தில் பாடம். ஆனால் ஒரு மெட்டுக்கூடக் கட்டத் தெரியாது. அதனால் நாம் இருவரும் சேர்ந்து ஓர் ஆள் ஆனோம். அந்தப் பாட்டுகளைக் கோயில் புத்தகமாகப் போடும் என்று தெரிந்த அன்று, நீங்கள் சிரித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். உங்கள் இதயத்தில் ஒரு வால்வு பழுது. சத்திரசிகிச்சைக்குக் கொழும்பிலிருந்து திகதி வரும் என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். திகதிக்கு முன்னால் புத்தகம் முடிந்துவிட வேண்டும் என்பதே உங்கள் ஒரே பிடிவாதம்.

பஸார் வீதியில் இருந்த கம்ப்யூட்டர் கடைக்கார முஸ்லிம் நானா, இசைக்குறிப்பு அடிக்கும் இரண்டு புரோகிராம்களை நமக்குக் காட்டினார். முதலாவதில் குறிப்புகள் அச்சுப் புத்தகத்தில் இருப்பதைப் போலவே கறுப்பாக, அழகாக விழுந்தன. எழுதியதை அது பாடியும் காட்டியது.

"பாருங்க புள்ள, இது நோட்டும் அடிக்கும், பாட்டும் படிக்கும்" என்றார் நானா.

உங்கள் பாட்டு பெட்டியிலிருந்து புல்லாங்குழல் குரலில் வந்தது. கடைக்குள் நின்ற எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. நீங்கள் மட்டும் கதிரையைப் பின்னால் தள்ளினீர்கள்.

"என்னா புள்ள இது, மூச்சே வாங்காம பாடுது. செத்தவ பாடுற மாதிரி இருக்கு."

"மெஷினுக்கு என்னத்துக்குத் தங்கச்சி மூச்சு?"

"அப்ப மெஷினையே லயத்துக்கு ஏறிப் பாடச் சொல்லுங்க நானா."

கடையே சிரித்தது. ஆனால் அன்று முதல் ஒவ்வொரு வரியிலும் மூச்சுக்குறி போடச் சொன்னீர்கள். கோடுகளுக்கு மேலே ஒரு சின்னக் காற்புள்ளி, அவ்வளவுதான். முதல் புரோகிராமில் அதைப் போடப் போட, கீழே இருந்த தமிழ் எழுத்துகள் நகர்ந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறின. இரண்டாவது புரோகிராம் பாடாது. அதன் கோடுகளும் மெலிந்து வெளிறியிருந்தன. ஆனால் வைத்தது வைத்த இடத்தில் நின்றது. நீங்கள் இரண்டாவதைத்தான் கேட்டீர்கள்.

முடிவு சொல்ல வேண்டியவர் சேர். கோயில் பாடகர் குழுவை நடத்தும் யாழ்ப்பாணத்துச் சங்கீத ஆசிரியர் அவர். நம் பக்கங்களைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதென்ன பிள்ளையள், கோழி கிளறின மாதிரிக் கிடக்கு? ரெண்டு சொல்லுக்கு ஒருக்கா ஆர் மூச்சு வாங்குறது? குறியளை எடுத்துப்போட்டு முதல் புரோகிராமிலை அடியுங்கோ. பார்க்க வடிவா இருக்கும்."

"சேர், நீங்க கோயில்ல நின்னு பாடுறீங்க. நாங்க படி ஏறிக்கிட்டே பாடுறோம்" என்றீர்கள்.

"பாட்டு எல்லா இடத்திலையும் ஒண்டுதான் பிள்ளை."

அன்று திரும்பும்போது ரயில் தெமோதரை நிலையத்துக்குக் கீழே இருக்கும் சுரங்கத்துக்குள் நுழைந்தது. அதற்குள் மூச்சை அடக்கிக்கொள்வது பள்ளிக்கூடப் பிள்ளைகளான எங்களுடைய விளையாட்டு. வேலைக்குப் போன பிறகும் நீங்கள் அதில் தோற்றதில்லை. இருட்டில் நான் கன்னத்தை உப்பிக்கொண்டு இருந்தேன். பக்கத்தில் உங்கள் மூச்சு கேட்டது. ஈரத் துணியைக் கிழிப்பதைப் போல. வெளிச்சம் வந்தபோது நீங்கள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உதடு நாவற்பழம் தின்றவருடையதைப் போல நீலமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் நீங்கள் பாடிக் காட்ட, நான் திருத்தினேன். ஒவ்வொரு முறையும் மூச்சுக்குறிகள் கூடின. நான்கு சொல்லுக்கு ஒன்று இருந்த இடத்தில் மூன்று சொல்லுக்கு ஒன்று; பிறகு இரண்டுக்கு. பாட்டு மாறவில்லை. லயமும் படிகளும் அதே இடத்தில்தான் இருந்தன.

"ஏன்க்கா இன்னும் போடச் சொல்றீங்க?"

"மல வளருது புள்ள. ஒனக்குத்தான் தெரியல."

நான் சிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை. வெளியே அந்த வருட மழை தொடங்கியிருந்தது. எதிர்ப்பக்க மலையைப் பனிமூட்டம் ஏற்கனவே எடுத்துக்கொண்டிருந்தது.

கடைசிச் சனிக்கிழமை, கடைசிப் பாட்டின் கடைசிச் சொல்லுக்குப் பிறகும் ஒரு குறி போடச் சொன்னீர்கள்.

"இதுக்கு அப்புறம் பாட ஒண்ணும் இல்லையேக்கா."

"அடுத்த லயத்துக்கு ஏறணும்ல? போடு."

போட்டேன். கொழும்பிலிருந்து திகதியும் வந்தது. அந்தத் திகதிக்கு முந்திய வாரம், காலையில் பிள்ளைக்காம்பராவைத் திறக்கப் போன நீங்கள் படியில் உட்கார்ந்தீர்கள். எழுந்திருக்கவில்லை. பிள்ளைகளோடு வந்த தாய்மார்தான் கண்டார்கள்.

அடக்கத்துக்கு சேர் வந்தார். அவர் நம் லயத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை. மழையில் குடையோடு படி ஏறி வந்தவர், பாதியில் நின்று கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டார். கொஞ்சம் ஏறினார்; மறுபடி நின்றார். கீழே பாடகர் குழு உங்கள் பாட்டைப் பாடிக்கொண்டே உங்களை மேலே மயானத்துக்குச் சுமந்து வந்தது. சேரும் சேர்ந்து பாட வாயைத் திறந்தார். இரண்டு சொல்தான் வந்தது. அந்த இடத்தில் ஒரு குறி இருந்தது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மேலே வந்து என்னருகில் நின்று, மூச்சு அடங்கிய பிறகு சொன்னார்:

"ரெண்டாவது புரோகிராமிலை இருக்கிறதையே அனுப்பு பிள்ளை. ஒண்டையும் எடுக்காதை."

புத்தகத்தில் கோடுகள் வெளிறித்தான் இருக்கின்றன அக்கா. தமிழ் எழுத்துகள் நகரவில்லை. குறிகள் எல்லாம் இருக்கின்றன.

இன்று மாலை புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதல் லயத்தில் ஒத்திகை பார்த்தோம். சின்னப் பிள்ளைகளும் பாடினார்கள். ஓடி ஓடி ஏறக்கூடியவர்கள், நெஞ்சில் ஒரு குறையும் இல்லாதவர்கள். எல்லோரும் நீங்கள் மூச்சு வாங்கிய இடத்தில் மூச்சு வாங்கினார்கள். பிள்ளைக்காம்பராப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. கடைசிப் பாட்டு முடிந்தது. அதற்குப் பிறகு இருந்த அந்தக் குறியைப் பார்த்து, சொல்லி வைத்ததைப் போல, எல்லோரும் ஒன்றாக மூச்சை உள்ளே இழுத்தார்கள். பாட ஒன்றும் இல்லை. யாரும் அசையவில்லை. பனிமூட்டம் படிகளில் இறங்கி வந்துகொண்டிருந்தது.

மற்றவர்கள் பிறகு சிரித்துக்கொண்டு கலைந்து போனார்கள். நான் இழுத்த மூச்சு இன்னும் எனக்குள்ளேயே இருக்கிறது அக்கா. அடுத்த லயத்துக்கு ஏற வேண்டும்.