சாமி ஃபோல்டர்

ஜூலை 14, திங்கள்

எங்கள் பட்டாசு கம்பெனி ஆபீஸில் மெயில்களைப் பிரித்துச் சேமிக்க இன்று புது மென்பொருள். முதலாளியின் தங்கை மகன் ஸ்ரீராம்குமார் போட்டுக்கொடுத்தார். வருகிற மெயிலில் அனுப்பியவர், தலைப்பு, முதல் வரி எல்லாம் பார்க்கும். நாம் எழுதிவைத்த விதிகளோடு மேலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிடும். முதலில் எது பொருந்துகிறதோ அந்த ஃபோல்டரில் தள்ளிவிடும், அதோடு சரி. ஆர்டர், லாரி, லைசென்ஸ் என்று பிரித்தாயிற்று. ஏஜென்ட்டுகள் தினமும் காலையில் 'முருகன் துணை' என்று போட்டு அனுப்பும் படங்கள்தான் தொல்லை. காப்பி டம்ளரோடு பிள்ளையார்! பார்த்துப் பார்த்துக் குமட்டுகிறது. அழித்துவிடலாமா என்றேன்.

"சாமியப் போயி குப்பையில போடுவியாக்கும்?" முதலாளி சீறினார்.

அதனால் முதல் வரியில் 'துணை' என்று இருந்தால் 'சாமி' ஃபோல்டர். முதல் விதியே அதுதான். யாரும் திறக்க வேண்டியதில்லை என்று உத்தரவு.

ஜூலை 22

இன்பாக்ஸ் சுத்தம். அப்பாடா.

ஆகஸ்ட் 11, திங்கள்

நாரணாபுரம் யூனிட்டிலிருந்து ஃபோர்மேன் சங்கிலிமுத்து போன். "நாலு மெயில் போட்டுட்டேன்மா. வெடிமருந்து ரூம் ஒழுகுது. அலுமினியப் பவுடர்ல ஈரம் பட்டா சூடேறி வெடிச்சிரும்லா? எழுத்துல ஒரு வார்த்த குடுங்க, பூட்டிருதேன். நானா பூட்டுனா எனக்கு வேல போயிரும்."

தேடினேன். நாலும் சாமி ஃபோல்டரில், திறக்காமல். 'மாரியம்மன் துணை' போடாமல் அவர் எதையும் எழுதமாட்டார்.

அந்த ரூமில்தான் அம்மா வேலை பார்க்கிறாள்.

முதலாளியிடம் ஓடினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று — "தொறந்தியா?"

இல்லை என்றேன்.

"தொறக்காத. தொறக்காத வரைக்கும் நமக்குத் தெரியாது. சீசன் முடியட்டும், கூரையப் பாப்போம்."

ஸ்ரீராம்குமார் சிரித்தார். முதலாளி சாமி படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிடப் போனார். சீ! என்ன மனுசங்க இவங்க?

ஆகஸ்ட் 12

காலையில் அம்மாவைப் போகாதே என்றேன். அவள் நகக்கண்ணெல்லாம் வெள்ளிப்பொடி.

"நான் போகலன்னா அந்த எடத்துல ரோஜாவ உக்கார வச்சிருவாக. கைப்பிள்ளக்காரி அவ."

போய்விட்டாள். மேற்கே மேகம் கூடிக்கொண்டே இருந்தது. நான் நாள் முழுக்க ஆர்டர் மெயிலுக்குப் பதில் போட்டுக்கொண்டிருந்தேன். என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

ஆகஸ்ட் 13, புதன்

நாலையும் திறந்தேன். யார் திறந்தது, எப்போது திறந்தது என்று மென்பொருள் பதிந்துகொள்ளும். இனி மறைக்க முடியாது. 'மெயில் கிடைத்தது. மருந்து ரூமை இன்றே பூட்டவும். — இசைவாணி, ஆபீஸ்.' முதலாளிக்கும் பாதுகாப்பு அதிகாரிக்கும் நகல். பத்து மணிக்குப் பூட்டிவிட்டார்கள். மதியம் எனக்கு வேலை போய்விட்டது.

ஆகஸ்ட் 14

சாயங்காலம் நல்ல மழை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அன்றைய மழையில் மருந்து ரூம் வெடித்து, சுவரோடு போய்விட்டது. உள்ளே ஒரு ஆள் இல்லை.

இன்று கம்பெனியில் பொங்கல் வைக்கிறார்கள். சாமிதான் எல்லாரையும் காப்பாத்துச்சு என்று முதலாளி அழுதாராம். அம்மாவையும் கூப்பிட ஆள் வந்தது. அம்மா வாசலுக்குப் போய்க் காறித் துப்பிவிட்டு வந்து, எனக்குச் சோறு போட்டாள்.