காகிதத்தில் அளந்த நாய்ச்சட்டை

என் கனி அண்ணனுக்கு,

நீங்கள் போன பிறகு மூன்று நோன்பு வந்து போய்விட்டது. இப்போதுதான் உங்களுக்கு எழுத உட்கார்கிறேன். அதையும் ஊர் படிக்கிற பத்திரிகைக்கு எழுதுகிறேன். ஊர் கேட்கத்தான் அன்றைக்கு வாயைத் திறந்தேன். இதையும் ஊர் கேட்கட்டும்.

முதலில் சேதி சொல்லிவிடுகிறேன். சூலியா தெருவில் நம் அஞ்சடி நடைபாதை அப்படியேதான் இருக்கிறது. ஜவுளிக்கடை வாசலில் உங்கள் தையல் மெஷின் இருந்த இடத்தில் ஒரு சீனக் கிழவர் குடை பழுது பார்க்கிறார். நல்ல மனுஷன், பேசவே மாட்டார். பக்கத்தில் என் மெஷின். அது இன்னும் அதே கத்தல்தான் கத்துகிறது.

துரைசாணியின் வெள்ளை நாய் செத்துப்போயிற்று அண்ணே. வயசாகித்தான் செத்தது. போன வாரம் அந்த அம்மாள் அதற்கு நீங்கள் தைத்த சாம்பல் நிறச் சட்டையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். புதுக் குட்டி ஒன்று வாங்கியிருக்கிறாராம், இதே மாதிரி வேண்டுமாம். பிரித்துப் பார்த்தாவது தைத்துக் கொடு என்றார். ஊசியைக் கையில் எடுத்தேன். ஒரு தையல்கூடப் பிரிக்கக் கை வரவில்லை.

உங்களுக்கு நினைவிருக்கிறதா, அந்த அம்மாள் முதலில் வந்த நாள்? கொடிமலைக்கு ரயில் விட்ட பிறகு துரைமார் குடும்பமெல்லாம் அடிக்கடி மேலே போய்த் தங்க ஆரம்பித்திருந்த சமயம். நாய்க்கோ குட்டை முடி, மலைப்பனியில் நடுங்குகிறது. சீமையிலிருந்து வரவழைத்த கம்பளிச் சட்டை பனியில் ஊறி, தோலெல்லாம் சொறி. நாய்க்குச் சட்டையா என்று நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. நடுக்கம் முதுகிலா நெஞ்சிலா என்று கேட்டீர்கள்.

ஈர நாய் பட்டால் ஏழு தரம் கழுவவேண்டும், அதில் ஒரு தரம் மண் கரைத்த தண்ணீரில். உங்கள் மார்க்கத்தில் அப்படி. நாய் தொடாத துணியைத் தைப்பதில் குற்றமில்லை என்று பள்ளிவாசலில் கேட்டுவிட்டு வந்துதான் நீங்கள் கத்தரியை எடுத்தீர்கள். ஆனால் ஒரு தரம் நாய் போட்ட சட்டை திரும்ப உங்கள் மேசைக்கு வரக்கூடாது. மனுஷனுக்கென்றால் நூலோட்டிப் போட்டுப் பார்ப்போம், கழற்றுவோம், பிடிப்போம், விடுவோம். இதற்கு அந்தப் பேச்சே இல்லை. முதல் வெட்டிலேயே சரியாக வந்தாக வேண்டும்.

அதற்குத்தான் அந்தக் காகித வழியைக் கண்டுபிடித்தீர்கள். பழைய பத்திரிகையை வெட்டி, பசை போட்டு ஒட்டி, ஒரு சட்டை செய்து என்னிடம் கொடுத்தீர்கள். அதை நான் துரைசாணி வீட்டுப் பின்கட்டில் நாய்க்கு மாட்டி, நடக்கவிட்டுப் பார்த்து, காகிதத்தை அங்கேயே குப்பையில் போட்டுவிட்டு வருவேன். வந்ததும் நீங்கள் கேட்பது ஒன்றுதான். "எங்க கிழிஞ்சுது தம்பி?"

முதல் காகிதம் முன்னங்காலடியில் கிழிந்தது. நாம் மனுஷன் கை மாதிரி நினைத்து ஓட்டையைப் பக்கத்தில் வைத்திருந்தோம். நாய்க்கு ஏது தோள்? கால் முன்னும் பின்னும்தானே போகிறது. நீங்கள் ஓட்டையை முன்னால் தள்ளி அகலமாக்கினீர்கள். இரண்டாவது காகிதம் நாய் உட்கார்ந்ததும் கழுத்தில் கிழிந்தது. நிற்க வைத்து மட்டும் அளந்த என் புத்தியை என்ன சொல்ல! உட்கார வை, படுக்க வை, பிறகு வந்து சொல் என்றீர்கள். மூன்றாவதில் வயிற்றுப்பக்கம் நனைந்து போயிற்று, ஆண் நாய் அல்லவா. அடிப்பக்கத்தைக் குட்டையாக வெட்டினீர்கள். பொத்தானை முதுகுக்குக் கொண்டுபோனீர்கள், படுத்தால் குத்தாது, பல்லுக்கும் எட்டாது. நாலாவது காகிதம் கிழியவே இல்லை.

பிறகுதான் துணி. வெளியே கம்பளி, உள்ளே பல தரம் வெளுத்த மெத்தென்ற வேட்டித் துணி. நனைந்தால் உடனே கழற்றித் துடைக்க வேண்டும், மலையை விட்டு இறங்கினதும் முதல் காரியமாகக் கழற்ற வேண்டும், இங்கே கீழே இருக்கிற சூட்டுக்கு நாய் தாங்காது என்று துரைசாணியிடம் என்னைச் சொல்லச் சொன்னீர்கள். சட்டை முதல் தரத்திலேயே பொருந்திவிட்டது. அன்று நீங்கள் சிரித்த சிரிப்பு எனக்கு மறக்காது.

அன்று சாயங்காலம்தான் நான் கோப்பிக் கடைக்குப் போனேன்.

எனக்கு வாய் சும்மா இருக்காது, உங்களுக்கே தெரியும். பெருநாளுக்கு மூன்று வாரம் இருந்தது. உங்கள் மேசையில் ஊர்ச் சட்டையெல்லாம் குவிந்திருந்தது. நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று தோன்றியது. சொன்னேன்: "நம்ம கனி அண்ணே இந்த வருசம் நாய்க்கும் பெருநாள் உடுப்புத் தைக்கிறாரு லா."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைச் சொன்னால் சிரிப்பு வராதே.

மூன்றாம் நாள் மரைக்காயர் வந்தார். மிளகு வியாபாரி, உங்களிடம் வருஷா வருஷம் தைக்கிறவர். தன் துணியைத் திரும்பக் கேட்டார். நாயை நான் தொடவில்லை என்று நீங்கள் ஒரு தரம் சொன்னீர்கள். இருக்கட்டும், பெருநாள் உடுப்பில் மனசுக்கு ஒரு குறை இருக்கக்கூடாது என்று அவர் தணிவாகத்தான் சொன்னார். நீங்கள் துணியை மடித்து, மேலே கையால் தடவிக் கொடுத்தீர்கள். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். நான் பக்கத்து மெஷினில் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தேன்.

கடை எடுத்துவைக்கும்போது கேட்டீர்கள். "யாரு தம்பி சொல்லியிருப்பா?"

"தெரியல அண்ணே" என்றேன்.

கோப்பிக் கடையில் பேசியதையாவது கொழுப்பு என்று சொல்லலாம். இதை என்னவென்று சொல்வது?

அதற்குப் பிறகு நாய்ச்சட்டை வேலையை என்னிடமே கொடுத்தீர்கள். உனக்கு இதில் தடை ஒன்றும் இல்லையே, நீயே செய் என்றீர்கள். உங்கள் மெஷினை வீட்டுக்குக் கொண்டுபோனீர்கள். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. காய்ச்சல்தான் உங்களைக் கொண்டுபோயிற்று, அது எனக்குத் தெரியும். ஆனால் போகிறபோது மேசையில் ஊர்ச் சட்டை ஒன்றுகூட இல்லாமல் போனீர்களே.

இன்று என்னிடம் மலைக்குப் போகிற நாயெல்லாம் வருகிறது. மேசைமேலேயே ஏற்றி நிறுத்தி, மூன்று தரம் போட்டுப் பார்த்துத் தைக்கிறேன். அப்படியும் கால் அடியில் உரசிப் புண்ணாகிறது என்று திட்டு வாங்குகிறேன். ஒரு தரமும் தொடாமல் நீங்கள் எப்படி அண்ணே அத்தனை சரியாகத் தைத்தீர்கள்?

அந்தச் சாம்பல் சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு நேற்று மரைக்காயர் கடைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். காகிதம் கிழிந்த இடங்களைக்கூடச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்.

"எங்கிட்ட சொல்லிட்ட. அவரு வீட்டுல சொன்னியா?"

அண்ணியிடம் நான் சொல்லவில்லை. மூன்று நோன்பிலும் அண்ணி எனக்குத் தூக்குச் சட்டியில் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புகிறார்கள். மற்றவர்கள் துணியைத் தூக்கிக்கொண்டு போனபோது கூடவே உட்கார்ந்திருந்தது தம்பி ஒருவர்தான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்களாம். அந்தக் கஞ்சியை நான் மூன்று வருஷமாகக் குடித்திருக்கிறேன்.

அண்ணிக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. அதனால் இந்தப் பத்திரிகை வந்தாலும் யாராவது படித்துக் காட்டினால்தான் தெரியும். வேறு யாரும் அவர்களுக்குப் படித்துக் காட்ட நான் விடமாட்டேன். வெளிவருகிற அன்று காலையிலேயே உங்கள் வீட்டு வாசலில் போய் நிற்பேன். முதல் வரியிலிருந்து நானே படிப்பேன். கோப்பிக் கடைப் பேச்சைத் தாண்டி ஓடமாட்டேன். "தெரியல அண்ணே" என்ற இடத்தில் குரலைத் தாழ்த்தமாட்டேன். போகும்போது தூக்குச் சட்டியைக் கழுவித் துடைத்துக் கையோடு கொண்டுபோவேன். அண்ணி அதை வாங்கி உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாலும், கடைசி வரி வரைக்கும் வெளியே நின்று படித்துவிட்டுத்தான் வருவேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான் அண்ணே. நான்தான் சொன்னேன்.

பக்கத்து மெஷின் தம்பி,
வேலு