கயிற்றை அவிழ்த்தவன்

கான்சாபுரம்,
20-8-1939

அன்பும் மதிப்பும் உள்ள நண்பர் குருசாமிக்கு, வனக்காவலன் தேவஇரக்கம் எழுதிக்கொள்வது.

இங்கு எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நீர் கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை சுமப்பதாகச் சொன்னார்கள். பஸ் ஓட்டிய கை அது. என் கையெழுத்தைக் கண்டதும் கிழித்துப்போடாமல் கடைசிவரை வாசிக்க வேண்டுகிறேன்.

ஆடி அமாவாசை கழிந்து ஐந்து நாளாகிறது. மலைக்கோயிலுக்கு இந்த வருஷமும் ஜனம் திரண்டது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு பக்கத்திலிருந்தும் பஸ்களும் மாட்டுவண்டிகளுமாய் வந்தன. இப்போது எந்த வண்டியையும் அடிவாரத்துக்கு விடுவதில்லை. கூமாப்பட்டியிலேயே நிறுத்தி, ஐம்பது ஐம்பது பேராக நடத்திக் கூட்டிவருகிறோம். ஏறும்போது ஆளுக்கொரு தகர வில்லை கொடுத்து, இறங்கும்போது வாங்கிக்கொள்கிறோம். பகல் பன்னிரண்டுக்கு மேல் ஓடையைத் தாண்ட ஒருவருக்கும் அனுமதி இல்லை. மலையில் மேகம் கறுத்தால் கொம்பு ஊத, பாறைமேல் ஒரு ஆள் இருக்கிறார். இந்த ஏற்பாடெல்லாம் நான் எழுதிக் கொடுத்தது. ரேஞ்சர் ஐயா என் முதுகில் தட்டிக் கொடுத்தார். தட்டிய இடம் இன்னும் கூசுகிறது.

கொடுத்த வில்லைகள் அத்தனையும் சாயங்காலத்துக்குள் திரும்பிவிட்டன. ஆனாலும் என்னால் ஓடையை விட்டு வர முடியவில்லை. இன்னும் ஒரு பெண் இறங்க வேண்டியிருக்கிறது என்றே தோன்றியது. ஒரு வருஷமாக இப்படித்தான். ஓடை வற்றிக் கிடக்கும் நாளிலும், அதைக் கடக்கும்போது யாரோ ஈரப் புடவையோடு பின்னால் நடந்துவரும் சத்தம் கேட்கிறது. நான் நின்றால் அதுவும் நிற்கிறது. ஜெபம் பண்ணிப் பார்த்தேன். ஜெபத்தின் நடுவிலும் கேட்கிறது.

போன வருஷம் நடந்தது உமக்குத் தெரியும். ஆனால் உள்ளது உள்ளபடி நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. முதலாளி இன்னொரு நடை அடிக்கச் சொன்னாரென்று, கூரைமேலும் ஆளை ஏற்றிக்கொண்டு மூன்று மணிக்கு மேல் நீர் வந்து சேர்ந்தீர். நான் ஓடைக்குக் குறுக்கே கயிறு கட்டியிருந்தேன். நீர் மலையைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தீர். “மேல இருட்டிக்கிட்டு வருது. இவுகள விட்டுராதீரும். நான் திருப்பிக் கூட்டிட்டுப் போயிருதேன்” என்றீர்.

செல்லத்தாய் என்ற அந்தப் பெண்தான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். “ஏழு வருசம் கழிச்சுப் பொறந்த புள்ளைக்கு நேந்துகிட்டது. செத்த நேரம் அவுத்து விடுங்கய்யா” என்றாள். பின்னால் கூட்டம் நெருக்கிக்கொண்டு கூச்சல் போட்டது. நான் இரக்கப்பட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அது பொய். காலையிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், எப்படியாவது தொலையட்டும் என்றுதான் அவிழ்த்தேன்.

ஜனம் பாதி ஓடையில் போகும்போது வெள்ளம் வந்தது. நீர்தான் குதித்து நான்கு பேரைக் கரைக்கு இழுத்துப் போட்டீர். செல்லத்தாயை மறுநாள் கண்மாயில் எடுத்தோம்.

விசாரணையில், டிரைவர்தான் ஜனங்களைத் தூண்டிக் கயிற்றை அவிழ்த்துவிட்டார் என்று எழுதிக் கொடுத்தேன். நீர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றீர். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. என் மூத்தவளுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதை நினைத்தீரோ என்னவோ. லைசென்ஸைப் பறிகொடுத்துக் கப்பல் ஏறிவிட்டீர்.

இந்த அமாவாசைக்குச் செல்லத்தாயின் புருஷன் கருத்தையா வந்தார். கோயிலுக்குப் போகவில்லை. ஓடைக்கரையிலேயே நின்றார். இடுப்பில் அரிவாள் இருந்தது. “அந்த டிரைவரு இப்ப எங்க இருக்கான்? அவன ஒருநா பாக்கணும்” என்று என்னிடம் கேட்டார். “டிரைவர் வேண்டாம்னுதான் சொன்னாரு. அவுத்தது நான்” என்றேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார். “ஒரு வருசமா தப்பான ஆளையில்லா சபிச்சுக்கிட்டுக் கெடந்திருக்கேன்” என்றார். எழுந்து போய்விட்டார். என்னை ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் ரேஞ்சரிடம் உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டேன். உடுப்பைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அவரும் கோபப்படவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். உம் லைசென்ஸைத் திருப்பித் தரச் சொல்லி மேலே எழுதியிருக்கிறார். கிடைத்துவிடும் என்கிறார்கள்.

பிறகு சேத்தூருக்கு நடந்து போய் உம் மனைவி இருளம்மாளிடமும் சொன்னேன். புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைக்காமலே கேட்டார்கள். “அவியளுக்கு நீரே எழுதும். நான் எழுதுனா, ஆறுதலுக்குச் சொல்லுதேன்னு நெனப்பாவ” என்றார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

என் பிள்ளைகளுக்கும் சொல்லிவிட்டேன். வீட்டில் சத்தமில்லாமல் சோறு போடுகிறார்கள்.

மன்னிப்புக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. கேட்கவும் இல்லை. கப்பல் ஏறி வாரும். உம் வீட்டுக்குப் போகும் வழியில் ஒருநாள் என் வாசலில் நின்று, ஊர் கேட்க என்னைத் திட்டிவிட்டுப் போம். யாராவது ஒருவர் திட்ட வேண்டும், குருசாமி.

கர்த்தர் உம்மைக் கடல் கடத்திப் பத்திரமாய்க் கொண்டுவந்து சேர்ப்பாராக.

உம்மை எதிர்பார்த்திருக்கும்,
தேவஇரக்கம்