பப்பிக்கு இப்போது நான்தான் சோறு வைக்கிறேன்

என் பிரியமான நிர்மலாவின் அப்பாவுக்கு,

பப்பி நன்றாக இருக்கிறது. முதலில் அதைத்தான் கேட்பீர்கள் என்று தெரியும். நானும் நன்றாக இருக்கிறேன்.

சின்ன வயதில் ஒரு நாய் என் கெண்டைக்காலைக் கவ்வியதிலிருந்து, நாய் என்றாலே எனக்கு உடம்பு உதறும். நீங்கள் குட்டியாகத் தூக்கி வந்த பப்பி கன்றுக்குட்டி உயரத்துக்கு வளர்ந்த பிறகு, தோட்டத்தில் அது அவிழ்ந்திருந்தால் நான் துணி காயப்போடக்கூடப் போனதில்லை. அதற்காக நீங்கள் ஒரு நாளும் என்னைக் கேலி செய்ததில்லை. நான் வருவதற்கு முன்பே அதைப் பிடித்துக் கட்டிவிடுவீர்கள்.

உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகு அது சாப்பிடவே இல்லை. பக்கத்து வீட்டு லட்சுமி சோறு வைத்தால் முகர்ந்துகூடப் பார்க்காது. நீங்கள் வண்டியில் வரும் தெருவையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கும். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. விழுப்புரத்திலிருந்து வந்த நம் மகள் பார்த்துவிட்டு, "உன்னால இத பாத்துக்க முடியாதும்மா. யாருக்காவது குடுத்துடலாம்" என்றாள்.

"கொஞ்ச நாள் இருக்கட்டும்டி" என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.

மறுநாள் காலையில் சோற்றுத் தட்டைத் துடைப்பக்கட்டையால் அதன் பக்கம் தள்ளிவிட்டு, உள்ளே ஓடி வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அது தொடவில்லை. அப்புறம் தினமும் கதவைத் திறந்துவைத்து நிலைப்படியில் உட்கார்ந்தேன். நெஞ்சு அடித்துக்கொள்ளும். அடங்கும்வரை எழுந்திருக்க மாட்டேன். பிறகு படியில் இறங்கி உட்கார்ந்தேன். பிறகு துணிக்கொடி வரை போனேன். என்ன பேசுவதென்று தெரியாமல், மழை வராததையும் நிர்மலாவின் மாமியாரையும் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பேன். நீங்கள் அதனிடம் அப்படி என்னதான் பேசுவீர்கள்? ஒரு நாள் நான் பேசும்போதே எழுந்து வந்து தட்டில் வாய் வைத்தது. நீங்கள் போன பிறகு அன்றைக்குத்தான் நான் வாய்விட்டு அழுதேன்.

ஆனாலும் நான் அதைத் தொட்டதில்லை. போன மாதம் ஒரு மத்தியானம் சங்கிலி முருங்கை மரத்தைச் சுற்றி அதன் கழுத்தை இறுக்கிவிட்டது. நாக்கு தள்ள முனகியது. லட்சுமியைக் கூப்பிட்டேன், வீட்டில் இல்லை. நானே போய், கழுத்துப் பட்டைக்குள் விரலை விட்டுக் கொக்கியைக் கழற்றினேன். இப்போது சங்கிலியும் இல்லை, நடுவில் கதவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டேன். அது என் முழங்காலில் தலையைச் சாய்த்து மூச்சு வாங்கியது.

கழுத்துப் புண்ணுக்கு மருந்து போட, ஷேர் ஆட்டோவில் என் காலடியில் உட்காரவைத்துத் திண்டிவனம் மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நம்புவீர்களா?

சாயங்காலம் இருவரும் ஏரிக்கரை வரை நடக்கிறோம். "நாயக் கண்டா தெருவ சுத்திக்கினு போவீங்களே, பயம் போயிடுச்சாக்கா?" என்று லட்சுமி கேட்டாள்.

"வேற நாய் வந்தா இன்னும் உதறுதுடி. இதுகிட்ட இல்ல" என்றேன்.

கல்லறைத் திருநாளன்று மெழுகுவத்தி ஏற்ற வரும்போது பப்பியையும் அழைத்து வருகிறேன். கல்லறைத் தோட்டத்து வாசலில் தெருநாய்கள் கூட்டமாக நிற்கும். நிற்கட்டும். நாங்கள் வருவோம்.

உங்கள் வீட்டுக்காரி,
பிலோமினா