எழுத்து இப்ப வேண்டாம்

என் ஆசை அப்பாவுக்கு,

நெஞ்சு நல்லாயிருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மிச்சத்தை நீங்கள் காதில் வாங்க மாட்டீர்கள். வீட்டுப் படலையிலிருந்து பஸ் தரிப்பிடம் வரைக்கும் நிற்காமல் நடக்கிறேன். "மெல்லப் போ பிள்ளை, மெல்லப் போ" என்று கத்திக்கொண்டு பின்னால் வருகிற அம்மாவுக்குத்தான் இப்போது மூச்சு வாங்குகிறது.

அங்கேயிருந்து உங்களுக்கு எல்லாம் தெரியும் என்கிறார் பெரியப்பா. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கையில்லை, அதனால் எழுதுகிறேன்.

எனக்குப் பேசியிருந்த, மல்லாவியில் உரக்கடை வைத்திருக்கிற சுகந்தனின் வீட்டார் எழுத்துக்கு நாள் கேட்டு வந்த அன்று ஒரே பிடியாக நின்றீர்களே, ஞாபகமிருக்கிறதா? பதிவுகாரருக்கு முன்னால் கையெழுத்து வைப்பதுதான் எங்களுக்கு எழுத்து. தாலி ஏறும்வரைக்கும் அதைக் கலியாணமென்று இங்கே யார் எண்ணுகிறார்கள்? அம்மா அதைத்தான் கேட்டா.

"என்னப்பா, கூறை உடுக்கேல்லை, தாலி ஏறேல்லை. எழுத்துத்தானே, அதென்ன கலியாணமே?"

"உமக்கு இல்லை. காப்புறுதிக்காரனுக்கு அதுதான் கலியாணம். கலியாணம் கட்டாத பிள்ளையளுக்குத்தான் என்ரை காப்பு. இவள் கையெழுத்து வைச்ச உடனை அதிலையிருந்து விழுந்திடுவாள். எழுத்து இப்ப வேண்டாம்," என்றீர்கள்.

ஆடைத் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிற ஒரு மனிசன் எப்படி அந்த விதியை மட்டும் இவ்வளவு இறுக்கமாகப் பிடித்து வைத்திருந்தீர்கள்? என் இதயத்தில் ஓட்டை என்று தெரிந்த நாளிலிருந்தா? அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம்தான், ஆனால் முறை வரக் காலமாகும். டொக்டரோ சுணங்க வேண்டாம் என்றார். தனியார் ஆஸ்பத்திரிச் செலவுக்கு எங்களிடம் இருந்தது உங்கள் தொழிற்சாலை தந்த காப்புறுதி மட்டும்தான்.

பிறகு, ஒப்பரேசனுக்கு நாள் எடுக்க முதலே நீங்கள் போய்விட்டீர்கள். வேலைக்குப் போன பெட்டைகள் எல்லாரையும் இறக்கிவிட்டு, பஸ்ஸை ஓரமாக நிற்பாட்டி, ஸ்டியரிங்கில் அப்படியே சாய்ந்தீர்களாம். எல்லாரும் என் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தோம். உங்கள் நெஞ்சை யார் பார்த்தது அப்பா?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு பெரியப்பா கதையைத் தொடங்கினார். "தகப்பனில்லாத பிள்ளை. வருசம் திரும்பாமல் தாலி கட்டேலாது, எழுத்தையெண்டாலும் வைச்சு விடுவம். தம்பியோடை அந்தக் காப்புறுதியும் போச்சுத்தானே." அம்மா தலையாட்டினா. நானும்தான். செத்த மனிசனின் காப்புறுதியில் என்ன இருக்கப் போகிறது?

சுகந்தன் மட்டும், "எதுக்கும் ஒருக்காக் கேட்டுப் பாப்பம்" என்று என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போனார். நலன்புரிப் பகுதியில் இருந்த அக்கா உங்கள் பெயரைக் கேட்டதும் எழும்பி நின்றா.

"அப்பா இல்லாட்டிலும் இந்தக் காப்புறுதி வருசம் முடியுமட்டும் அவரிலை தங்கியிருக்கிறவைக்கு, பெண்சாதி பிள்ளையளுக்கு, எல்லாம் அப்பிடியே இருக்கு, தங்கச்சி. உங்களுக்கு எழுத்து முடியேல்லைத்தானே?"

"இல்லை அக்கா. வாற கிழமைதான்."

"ஐயோ, விசரே! முதல்லை ஒப்பரேசனைச் செய்யுங்கோ!"

அவரிலை தங்கியிருக்கிறவை. அந்த இடத்தில் எனக்கு மேலெல்லாம் புல்லரித்துவிட்டது. உங்களைத் தூக்கிக்கொண்டு போய் எரித்துவிட்டு வந்தோமே. அதற்குப் பிறகும் உயிரோடிருக்கிற ஒருத்தி உங்களில் தங்கியிருக்கலாமாம்! வாசலுக்கு வந்ததும் நான் விம்மி விம்மி அழுதேன். சுகந்தன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எழுத்து எங்கை ஓடப் போகுது? நீர் இப்ப மாமாவிலையே தங்கியிரும்," என்றார். அன்றைக்குத்தான் எனக்கு அவரை உண்மையாகவே பிடித்தது. பெரியப்பா மட்டும் ஒரு கிழமை முகத்தை நீட்டிக்கொண்டிருந்தார்.

கொழும்பில் ஒப்பரேசன். வெட்டவில்லை அப்பா, தொடையில் ஒரு சின்ன ஊசித் துவாரம், அவ்வளவுதான். அந்த வழியாக மடித்துக் கொண்டுபோன ஒரு சின்னக் குடையை உள்ளே விரித்து ஓட்டையை அடைத்தார்கள். பிறகு திரையில் காட்டினார்கள். என் இதயம் திறந்து திறந்து மூடியது, ஒருவரும் சொல்லாமலே, நான் பார்க்கிறேனா இல்லையா என்ற கவலையே இல்லாமல். பிறந்த நாளிலிருந்து இப்படியே ஓடிக்கொண்டிருந்ததா இது? கும்பிட வேண்டும்போல் இருந்தது. கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்ததால் முடியவில்லை.

வருசம் திரும்பி உங்கள் ஆட்டைத் திவசமும் முடிந்தது. போன கிழமை எனக்கு முல்லைத்தீவில் ஒரு கம்பனிக் கந்தோரில் வேலை கிடைத்தது. அங்கேயும் காப்புறுதி உண்டு.

"தங்கச்சி, உம்மிலை தங்கியிருக்கிறவை ஆர் ஆர்?" என்று அங்கே இருந்த ஐயா கேட்டார்.

"அம்மா," என்றேன். யோசிக்காமலே, "அப்பா," என்றும் சொல்லிவிட்டேன்.

"அப்பாவுக்கு என்ன வயசு?"

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி பிள்ளை, அம்மாவின்ரை வயசைச் சொல்லும்," என்றார்.

எழுத்து ஆவணியில். அதற்குப் பிறகும் அம்மா என் காப்பில் இருக்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் நாளுக்கு ஓம் சொன்னேன். இருக்கலாமாம். வாற மாதம் அம்மாவை நெஞ்சு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன். தனக்கு ஒன்றுமில்லை என்றுதான் சொல்லுவா, நீங்களும் அப்படித்தான் சொன்னீர்கள். இந்த முறை நான் நம்ப மாட்டேன் அப்பா.

உங்கள் மூத்தவள்,
வதனி
முள்ளியவளை