ஒருத்தியும் போகாத பாதரின் அறை

என் அன்புப் பாதர்,

சைவக்காரி ஒருத்தி உங்களுக்குக் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிக்காதீர்கள். நீங்கள் திடீரென்று கண்ணை மூடியபிறகு எங்கள் நண்டுக் கம்பனியில் நடந்ததை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

வேலை செய்கிறவர்களின் மனக்கவலையைக் கேட்க ஒரு ஆள் வேண்டும் என்று முதலாளிதானே உங்களைக் கூப்பிட்டார். ஒப்பீசுக்குப் பக்கத்தில் அறையும் தந்தார், ஃபானோடு. அதற்குள் ஒருத்தியும் கால் வைக்கவில்லை. வைத்தால் பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கக் கதை போய்விடும். "உவளுக்கு வீட்டிலை என்னவோ பிரச்சினையாம்." இல்லாவிட்டால், "கிறிஸ்தவ வேதத்துக்கு மாறப்போறாளாம்."

நீங்கள் கெட்டிக்காரர். வேலை விட்டுப் போகிற எங்களோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு பஸ் தரிப்பு வரைக்கும் நடந்தீர்கள். ஒருநாள் ஒருத்தியோடு, மற்றநாள் இன்னொருத்தியோடு. றோட்டில் பாதரோடு நடப்பதை யார் குற்றம் சொல்வது?

என் மகள் சொல்லாமல் ஒருவனோடு போனதை உங்களுக்கு மட்டும்தான் சொன்னேன். ஊருக்குச் சொன்னது, அவள் கொழும்பில் படிக்கிறாள் என்று. நீங்கள் புத்தி சொல்வீர்கள், இல்லை ஜெபம் சொல்வீர்கள் என்று பார்த்தேன். "பிள்ளை, போன் எடுத்தனீரே? அவள் சாப்பிட்டாளோ எண்டு கேட்டனீரே?" என்று மட்டும் கேட்டீர்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்குப் போன கையோடு எடுத்தேன். இப்போது அவள் என்னோடு கதைக்கிறாள், பாதர்.

போன கிழமை மனேச்சர் எங்களைக் கூப்பிட்டார். "பாதரின்ரை இடத்துக்கு வேறை ஆளைப் போடவோ? அறைக்கு ஆரும் போனமாதிரித் தெரியேல்லை. அவரோடை கதைச்ச ஆக்கள் கையைத் தூக்குங்கோ."

எல்லாரும் நிலத்தைப் பார்த்தோம். தூக்கினால், "என்னடி கதைச்சனி?" என்று கேட்பார்களே. என் கை மடியிலேயே கிடந்தது. "அப்ப தேவையில்லை" என்று மனேச்சர் போய்விட்டார். அந்த அறையில் இப்போது நண்டு அடைக்கிற ரெஜிபோம் பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள்.

உங்களுக்கு நாங்கள் செய்த கைமாறு இதுதானா? உங்கள் செத்தவீட்டில் வாய்விட்டு அழுத எங்களுக்கு ஒரு கை தூக்க முடியவில்லை. நினைக்க வெட்கமாக இருக்கிறது.

புருஷனைக் கடலில் பறிகொடுத்த சுகந்தி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து வேலைக்கு வந்துவிட்டாள். என் மேசையில்தான். நண்டு உடைத்தபடியே அழுகிறாள். நாங்கள் ரேடியோச் சத்தத்தைக் கூட்டிவிடுகிறோம். நேற்று மெல்லக் கேட்டாள்: "அக்கா, பாதருக்குப் பதிலா ஆரும் வருவினமோ?"

நாளைக்கு மனேச்சரிடம் போவேன், பாதர். ஒளித்து மறைத்து இல்லை, எல்லாரும் இருந்து சாப்பிடுகிற நேரத்தில். "நான் பாதரோடை கதைச்சனான். என்ரை மகள் ஒருத்தனோடை போயிட்டாள், அதைத்தான் கதைச்சனான். எங்களுக்கு ஆள் வேணும். அறை வேண்டாம், கூட நடக்கிற ஆள் போதும்" என்று சொல்வேன். சத்தியமாகச் சொல்வேன்.

நீங்கள் 'பிள்ளை' என்று கூப்பிட்ட
உங்கள் மகள்,
வசந்தி